ஸ்லாஸ் மதிப்பெண் குறைந்தால் பள்ளி மானியம் குறையுமா? 25,000 ரூபாயை எதற்குச் செலவிடலாம்?

ஆலமரத்தடி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இந்த ஜூன் சேர்க்கையோடு 57 பிள்ளைகள்: 1-ஆம் வகுப்பு 12, 2-ஆம் வகுப்பு 13, 3-ஆம் வகுப்பு 11, 4-ஆம் வகுப்பு 12, 5-ஆம் வகுப்பு 9. தலைமை ஆசிரியரையும் சேர்த்து ஆசிரியர்கள் 2 பேர். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் என்ற முறையில் கேட்கிறேன்.

பிப்ரவரியில் நடந்த மாநில அடைவுத் தேர்வில், அதாவது ஸ்லாஸில், 5-ஆம் வகுப்புக் கணக்கில் சராசரி 38 சதவீதம், 3-ஆம் வகுப்புத் தமிழில் 52. இது குறைவு என்று எல்லாரும் சொல்கிறார்கள். பெற்றோர்களுக்கு மூன்று சந்தேகங்கள்:

1. மதிப்பெண் குறைந்தால் பள்ளிக்கு வரும் பணத்தைக் குறைப்பார்களா?
2. ஆண்டு மானியம் 25,000 என்கிறார்கள். பெயிண்டுக்கும் கரண்ட் பில்லுக்குமே போய்விடுகிறது. படிப்புக்குச் செலவிட விதியில் இடம் உண்டா?
3. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிறார்கள். மூன்றாவது ஆசிரியர் கிடைக்க வழி என்ன?

---

ரசீதுக்கட்டு

முதல் கேள்விக்குப் பதில்: குறைக்க மாட்டார்கள். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்‌ஷாவில், பள்ளி மானியம் தலைக்கணக்கில்தான் வருகிறது. 1 முதல் 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31–100 வரை 25,000, 101–250 வரை 50,000, 251–1000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். 57 பேர் இருப்பதால் உங்களுக்கு 25,000. மதிப்பெண் 38 ஆனாலும் 83 ஆனாலும் இதே தொகைதான். நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனி மானியங்கள் உண்டு, தொடக்கப் பள்ளிக்குத் தலா 5,000 வரை. அவற்றை 25,000-க்குள் போட்டுக் குழப்ப வேண்டாம், தனித்தனியாகத் தீர்மானம் போடுங்கள்.

உண்மையில் பணம் தடைபடுவது வேறு காரணங்களால். இது மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் ஓடும் திட்டம். 2024-25-இல் தமிழகத்துக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்று நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மேலே அடைபட்டால் கீழே சாக்பீஸ் வாங்கும் காசு வரை தாமதமாகும். பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதைப் பெற்றோரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி. பழுதான பொருளை மாற்றுவது, எழுதுபொருள், கற்பித்தல் துணைக்கருவிகள், விளையாட்டுப் பொருள், மின்கட்டணம், இணையம், தண்ணீர், கட்டடத்திலும் கழிப்பறையிலும் சின்னப் பழுதுகள் என்று விதியே பட்டியல் கொடுக்கிறது. ஆகவே படிப்புக்கான பொருள் வாங்கத் தாராளமாக இடம் உண்டு. குறைந்தது 10 சதவீதம், உங்கள் விஷயத்தில் 2,500 ரூபாய், தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மின்கட்டணத்தை வேறு கணக்கிலிருந்து கட்டுகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டினால் தணிக்கையில் நிற்கும்.

செலவு செய்யும் அதிகாரம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத்தான். வரிசை முக்கியம். முதலில் கூட்டம், தீர்மானப் புத்தகத்தில் என்ன பொருள், எத்தனை, உத்தேசத் தொகை என்று எழுதி எல்லாரும் கையெழுத்து. அதன்பின் விலைப்புள்ளி, அதாவது கடைகளிடம் விலையை எழுத்தில் கேட்டு வாங்குவது. அதன்பின் கொள்முதல். பில்லில் பள்ளியின் பெயர், தேதி, பில் எண் மூன்றும் இருக்கட்டும். பொருள் வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள், பக்க எண்ணைப் பில்லின் பின்புறம் எழுதுங்கள். பிறகு ரொக்கப் புத்தகம், கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது பணத்தை எதற்குச் செலவிட்டோம் என்று மேலே கொடுக்கும் சான்று.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் எப்போதும் இவைதான்:

தீர்மானத் தேதிக்கு முந்தைய தேதியில் பில் இருக்கும். கடையின் பெயர் ஒன்று, வங்கிக் கணக்கு கடைக்காரரின் மனைவி பெயரில் இருக்கும், பி.எஃப்.எம்.எஸ். என்ற அரசின் இணையவழிப் பணப் பரிமாற்ற முறையில் போன பணம் திரும்பி வந்துவிடும், வந்தது தெரிவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். எல்லாவற்றையும் மார்ச் கடைசி வாரத்துக்கு ஒதுக்குவார்கள். மார்ச் 31 தாண்டினால் செலவழிக்காத மிச்சத் தொகை மேலேயே போய்விடும், பள்ளிக் கணக்கில் தங்காது. பெரும்பாலும் தொகை தவணையாக, ஆண்டின் பின்பாதியில்தான் வருகிறது. ஆகவே தீர்மானமும் விலைப்புள்ளியும் டிசம்பருக்குள் தயாராக இருந்தால் பணம் வந்த வாரமே வேலை முடியும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பணம் வரத் தாமதமானால் தலைமை ஆசிரியரின் கைக்காசில் வாங்கிக்கொண்டு பிறகு ஈடு கட்டலாம் என்று யாரும் சொல்லாதீர்கள். அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்க நேரான வழியே கிடையாது. கடைசியில் போலி பில்லில் போய் முடியும்.

---

கரும்பலகை

38 என்ற எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது அக்கா.

5-ஆம் வகுப்பில் தேர்வு எழுதியவர்கள் 9 பேர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 38 என்றால் கூட்டுத்தொகை 342. அதில் 74 வாங்கிய ஒரு பிள்ளை அன்று காய்ச்சலில் வராமல் போயிருந்தால் சராசரி 33.5 ஆகியிருக்கும். பள்ளியில் எதுவும் மாறவில்லை, ஒரு பிள்ளை வரவில்லை, அவ்வளவுதான். இவ்வளவு சின்ன வகுப்பில் சராசரியை வைத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஒப்பிடுவதும், போன ஆண்டோடு ஒப்பிடுவதும் அர்த்தமில்லாதது. போன ஆண்டு எழுதியவர்கள் வேறு பிள்ளைகள்.

அறிக்கையில் பார்க்க வேண்டியது கற்றல் விளைவு வாரியான பகுதி, அதாவது பிள்ளை கற்றிருக்க வேண்டிய ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியாக உள்ள முடிவு. எந்தக் கேள்வியில் எத்தனை பேர் சரி? இங்கே இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில், ஒன்றுமே தெரியாமல் வட்டம் போட்டாலும் 25 சதவீதம் சரியாக வரும். ஆகவே 30 சதவீதம் பேர் சரி என்றால், அந்தப் பாடம் யாருக்கும் ஏறவில்லை என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. இன்னொரு பக்கம், தெரிந்த பிள்ளையும் ஒரு வரிசை தள்ளி வட்டத்தை நிரப்பிவிட்டால் அதற்கப்புறம் எல்லாம் தப்பாகிவிடும். 3-ஆம் வகுப்பில் இது அதிகம்.

தேசிய அளவிலான தேர்வுகளை இதோடு கலக்காதீர்கள். 2017-18, 2021 தேசிய அடைவு ஆய்வுகள் 3, 5, 8, 10-ஆம் வகுப்புகளுக்கு நடந்தன. 2024 டிசம்பர் 4-இல் நடந்த பரக் என்ற புதிய தேசிய ஆய்வு 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு. பழைய 5-ஆம் வகுப்பு எண்ணையும் புதிய 6-ஆம் வகுப்பு எண்ணையும் அருகருகே போட்டு “ஏறிவிட்டது”, “இறங்கிவிட்டது” என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். அவை மாதிரி ஆய்வுகள்; மாவட்டத்தைப் பற்றிச் சொல்லும், உங்கள் பள்ளியைப் பற்றி எதுவும் சொல்லாது.

உங்களுக்குப் பயன்படுகிற தேர்வு பிள்ளைக்கு 5 நிமிடம் ஆகிற வாய்மொழித் தேர்வுதான். பிள்ளைகளின் படிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் ஆய்வில் 2005 முதல் வீடு வீடாகப் போய்ச் செய்கிற முறை. 2 முதல் 5-ஆம் வகுப்பு வரை உங்களிடம் 45 பேர், 225 நிமிடம். நான்கு நாளில், நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தலைமை ஆசிரியரிடம் பேசி, ஆசிரியர்களே செய்யட்டும்.

படிப்பு: ஒரே தாளில் எழுத்துகள், எளிய சொற்கள், 1-ஆம் வகுப்பு அளவில் நான்கு வரிப் பத்தி, 2-ஆம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. பாடப்புத்தகத்தில் இருக்கிற பத்தியை வைக்கக் கூடாது, பாதிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். பத்தியில் தொடங்குங்கள். மூன்று தப்புக்கு மேல் போனால், அல்லது சொல் சொல்லாக அறுத்துப் படித்தால், சொற்களுக்கு இறங்குங்கள். சொல்லில் ஐந்துக்கு நான்கு வராவிட்டால் எழுத்துக்கு. பத்தி சரளமாக வந்தால் கதைக்கு ஏறுங்கள். திண்ணையிலோ மரத்தடியிலோ தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். வகுப்புக்குள் கேட்டால் மூன்றாவது பிள்ளைக்குள் கதை எல்லாருக்கும் பாடமாகிவிடும். நடுவில் திருத்தாதீர்கள்.

தப்பு எது என்பதில் கவனம் வேண்டும். “பழம்” என்பதைப் “பளம்” என்று படிக்கிற பிள்ளை தப்பாகப் படிக்கவில்லை, வீட்டில் பேசுகிற மாதிரி உச்சரிக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். “தேன்” என்பதைத் “தென்” என்று படித்தால் அது குறில் நெடில் தெரியாத தப்பு. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணில் பிரியவில்லை என்று அர்த்தம். இந்தப் பிள்ளைக்கு இன்னொரு கதைப்புத்தகம் கொடுத்துப் பயனில்லை, கொம்புக்கு மட்டும் பத்து நாள் பயிற்சி வேண்டும்.

கணக்கு: 52 - 37 போன்று கடன் வாங்கும் கழித்தல் இரண்டு, 824 ÷ 4 போன்று ஒரு வகுத்தல். விடையைவிடத் தப்பான விடைதான் அதிகம் சொல்லும். 52 - 37 = 25 என்று எழுதினால், பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது, 7-இலிருந்து 2. இடமதிப்பு புரியவில்லை. 824 ÷ 4 = 26 என்று எழுதினால் நடுவில் வர வேண்டிய பூஜ்யத்தை விட்டுவிட்டது, வகுத்தல் வழிமுறை தெரியும். இரண்டும் அறிக்கையில் ஒரே மாதிரி தப்புதான். வகுப்பறையில் இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

தமிழில் எண்ணுப்பெயர் தருகிற சிக்கலையும் பாருங்கள். 90-க்குத் தொண்ணூறு, 900-க்குத் தொள்ளாயிரம். பெயரில் நூறும் ஆயிரமும் ஒலிப்பதால் “தொள்ளாயிரத்து ஆறு” என்று சொன்னால் பாதிப் பேர் ஆயிரத்தில் தொடங்கி எழுதுவார்கள். அடிப்படைப் படிப்புக்கும் கணக்குக்குமான மாநில அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளில் எந்தப் பிள்ளை எங்கே என்று ஆசிரியர் செயலியில் ஏற்றியிருப்பார். வாய்மொழித் தேர்வில் வந்ததும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நிறையத் தெரியும்.

---

ஆலமரத்தடி

ரொம்ப நன்றி. அப்படியானால் 25,000-இல் இந்தப் பயிற்சிக்கு என்ன வாங்கலாம்? ஸ்மார்ட் டி.வி. வாங்கலாம் என்று குழுவில் இரண்டு பேர் சொல்கிறார்கள்.

---

கரும்பலகை

டி.வி. வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே பொருளில் தொகையெல்லாம் முடங்கிவிடும், கெட்டுப்போனால் பழுது பார்க்கக் காசு இருக்காது. உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது கையால் தொட்டு எண்ணுகிற பொருள். ஐஸ் குச்சி 1,000, ரப்பர் பேண்டு ஒரு பொட்டலம். பத்து பத்தாகக் கட்டி, பத்துக் கட்டைச் சேர்த்து நூறாகக் கட்டுவது. 52-இல் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. 37 எடுக்க வேண்டும் என்றால் உதிரி போதாது, ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். கடன் வாங்குதல் என்றால் என்ன என்று பிள்ளையின் விரலுக்குப் புரிகிற இடம் அதுதான். ஐந்து பேருக்கு ஒரு தொகுதி இருக்கட்டும், ஆசிரியர் மேசையில் ஒன்று மட்டும் இருந்தால் வேடிக்கை பார்ப்பதோடு சரி.

கூடவே விளையாட்டு ரூபாய்த் தாள்கள், பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய இடமதிப்பு அட்டைகள், நகல் எடுக்கத் தாள். வாங்குவதற்கு முன் அலமாரியைத் திறந்து பாருங்கள். எண்ணும் எழுத்தும் பொருள்கள் பள்ளிக்கு ஏற்கெனவே வந்திருக்கும், பிரிக்காமல் கட்டோடு கிடப்பதும் உண்டு. கதைப்புத்தகங்களை நூலக மானியத்தில் வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி மட்டும் உள்ள மெல்லிய புத்தகங்கள் நிறைய, தடித்த புத்தகம் வேண்டாம்.

---

ஒன்றிய ஊழியன்

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. இதுதான் மற்ற இரண்டையும்விடப் பெரியது.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. உங்களிடம் 57. நான்கு பிள்ளைகள் கூடினால் மூன்றாவது பணியிடத்துக்குத் தகுதி வந்துவிடும். 25,000 ரூபாயை எப்படிப் பிரித்தாலும் ஒரு ஆசிரியரின் ஆண்டுச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது. அரசுப் பள்ளிக்கு வருகிற பணத்தில் பெரும்பகுதி ஆசிரியர் வடிவில்தான் வருகிறது, அந்தக் கதவு தலைக்கணக்கில் திறக்கிறது.

பணியாளர் நிர்ணயம், அதாவது எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வது, ஆகஸ்ட் 1 நிலவரப்படி. அன்றைக்கு எமிஸில், அதாவது கல்வித் துறை பிள்ளைகளின் விவரத்தை வைத்திருக்கும் இணையப் பதிவில், உள்ள எண்ணிக்கைதான் பேசும். ஊரில் பிள்ளை சேர்ந்திருக்கும், எமிஸில் ஏறியிருக்காது. இதனால் ஒன்றிரண்டில் தவறவிட்ட பள்ளிகள் உண்டு. வழக்கமான காரணம், பழைய பள்ளி அந்தப் பிள்ளையைத் தன் பட்டியலிலிருந்து எமிஸின் பொதுத் தொகுப்புக்கு விடவில்லை; விட்டால்தான் புதிய பள்ளி ஏற்ற முடியும். கட்டண பாக்கி என்று தனியார் பள்ளி பிடித்து வைத்திருக்கும். தலைமை ஆசிரியர் உடனே வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஜூலை கடைசி வரை காத்திருக்கக் கூடாது.

சேர்க்கைக்கு எங்கே தேடுவது? அங்கன்வாடிப் பணியாளரிடம் 5 வயது நிறைகிற பிள்ளைகளின் பட்டியல் இருக்கும். அடுத்தது யு.கே.ஜி. முடித்த பிள்ளைகள். ஊரில் தங்கி வேலை பார்க்கும் வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் எண்ணத் தவறிப்போவார்கள், அவர்களையும் போய்ப் பாருங்கள். ஆதார் இல்லை, பழைய சான்றிதழ் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. மழலையர் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். வராத பிள்ளையின் பெயரை ஏற்றி 61 காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒதுக்கிவிடுங்கள். வருகைப்பதிவு தினமும் செயலியில் போகிறது, பெயர் மட்டும் இருப்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும். பிறகு உண்மையான எண்ணிக்கையையும் சந்தேகப்படுவார்கள்.

61 வந்த மறுநாளே ஆசிரியர் வந்துவிட மாட்டார். முதலில் உங்கள் பள்ளி “கூடுதல் தேவை” பட்டியலில் ஏற வேண்டும். வேறு பள்ளிகளில் உபரியாக இருப்பவர்களைப் பணி நிரவலில், அதாவது தேவை உள்ள பள்ளிக்கு மாற்றும் முறையில், அனுப்புவார்கள். வந்த பிறகும் மாற்றுப்பணி என்று தற்காலிகமாக வேறு பள்ளிக்கு இழுத்துவிடாமல் குழு கண்காணிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடம் காலியாக இருந்தால், அரசு உத்தரவு வரும்போது மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் நியமிக்கலாம். 2022-இல் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 என்று தொடங்கி 12,000 ஆக உயர்த்தினார்கள். ஆனால் பணியிடமே இல்லாத பள்ளிக்கு இது பொருந்தாது, முதலில் பணியிடம்.

இன்னொரு கணக்கு. அடுத்த ஜூனில் 5-ஆம் வகுப்பிலிருந்து 9 பேர் வெளியேறுவார்கள். 61-ஐத் தக்கவைக்கக் குறைந்தது 9 புதுச் சேர்க்கை வேண்டும். அதற்கடுத்த ஆண்டு 12. இறங்கினால் வந்த ஆசிரியரே உபரி ஆவார்.

---

ரசீதுக்கட்டு

மேலே சொன்னதில் ஒரு விளக்கம். பள்ளி மானியத்துக்கு எடுக்கும் எண்ணிக்கை யூடைஸ் பிளஸ் என்ற நாடு முழுவதுக்குமான பள்ளிப் புள்ளிவிவரப் பதிவிலிருந்து, அதன் நிலவரத் தேதி செப்டம்பர் 30. பணியாளர் நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1. இரண்டு தேதியும் வேறு, இரண்டையும் சரிபாருங்கள்.

---

ஆலமரத்தடி

ஆகஸ்ட் 15 கிராம சபையில் இந்த மதிப்பெண்ணைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். ஆசிரியரைக் குறை சொல்வதில் போய் நிற்குமோ என்று பயமாக இருக்கிறது.

---

கரும்பலகை

அந்தப் பயம் நியாயமானது. மதிப்பெண்ணை ஆசிரியரின் வேலையோடு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் சாட்சி. 2009 தேர்வைப் பற்றி 2011-இல் வெளிவந்த ஜார்ஜியா மாநில விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் முறைகேட்டைக் கண்டது. 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் அதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். பிள்ளைகள் எழுதிய தப்பான விடையை அழித்துச் சரியான விடையைப் போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் உதவி கிடைக்காமலே போயிற்று, தாளில் எல்லாரும் தேர்ச்சி.

ஆகவே சபையில் 38, 52 இரண்டையும் வாசிக்காதீர்கள். வாய்மொழித் தேர்வு முடிவைத் தலைக்கணக்காகச் சொல்லுங்கள்: “3-ஆம் வகுப்பில் 11 பேர். கதை வரை படிப்பவர்கள் இத்தனை, பத்தியில் நிற்பவர்கள் இத்தனை, எழுத்தில் நிற்பவர்கள் இத்தனை.” பிள்ளையின் பெயரோ வீட்டுப் பெயரோ வரக் கூடாது. அந்தந்தப் பெற்றோரிடம் தனியே சொல்லுங்கள். கூடவே “ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்” என்பதையும், ஆகஸ்ட் 1-இல் எமிஸில் இருந்த எண்ணிக்கையையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள். தீர்மான நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.

மறுதேர்வு எட்டு வாரம் கழித்து. ஆகஸ்ட் முதல் வாரம் ஆரம்பித்தால் அக்டோபர் முதல் வாரம். காலாண்டு விடுமுறை முடிந்த அன்றே வைக்காதீர்கள், இரண்டு மூன்று நாள் போகட்டும். கதையை மாற்றுங்கள், எண்களையும் மாற்றுங்கள். 52 - 37-க்குப் பதில் 63 - 28, 824 ÷ 4-க்குப் பதில் 618 ÷ 6. இரண்டாவதில் 13 என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள், பழைய 26-காரர்களும் அவர்களும் ஒரே பிள்ளைகளா என்று பாருங்கள்.